தண்ணீரே சாத்தும் கதவு

வீட்டுக் குளிர்பெட்டிகளில் ஒரு வகை உண்டு. அதன் பின்புறத்தில் ஒரு மெல்லிய தண்ணீர்க் குழாயை இணைத்துவிட்டால் போதும். பெட்டி தானே நீரை எடுத்துக்கொள்ளும், பனிக்கட்டியாக உறையவைக்கும், உறைந்த கட்டிகளை ஒரு தட்டில் கொட்டிவைக்கும். ஐஸ் தட்டில் நாம் நீர் ஊற்ற வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்தில் தரைத்தளம் மட்டுமே உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இந்தப் பெட்டிக்கு ஒரு குழாய் இழுத்தால் வேலை செய்யுமா?

"ஆயிரம் லிட்டர் இருக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். "வேகம் குறைவாக இருந்தால் பனிக்கட்டி கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதானே?" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. உண்மையில் நேரக்கூடியது விந்தையானது: தண்ணீரின் அழுத்தம் குறைவாக இருப்பதாலேயே பெட்டிக்குள் நீர் சொட்டிக்கொண்டே இருக்கலாம். இது எப்படி என்று பார்ப்போம்.

அளவா, உயரமா?

நிலையாக உள்ள நீரின் அழுத்தம் அதன் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையே பொறுத்தது. தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று. ஆயிரம் லிட்டர் தொட்டியானாலும், அதே உயரத்தில் வைத்த ஒரு குடமானாலும், கீழே குழாயின் முனையில் அழுத்தம் ஒன்றே.

கணக்கு எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரின் பருமன் 1000 கன சென்டிமீட்டர். அதன் எடை 1 கிலோகிராம். ஆகவே 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தம் தரும்.

நம் வீட்டுத் தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 5.5 மீட்டர் என்று கொள்வோம். பெட்டியில் குழாய் சேரும் இடம் தரைக்கு மேல் அரை மீட்டர். வேறுபாடு 5 மீட்டர். ஆகவே கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகிராம்தான்.

பெட்டி கேட்பது எவ்வளவு? இத்தகைய பெட்டிகள் பலவற்றுக்குக் குறைந்த அளவு சுமார் 1.4 கிலோகிராம். அதற்கு 14 மீட்டர் உயரம் வேண்டும். அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சி! நாகூர் தர்காவின் பெரிய மினாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 131 அடி, ஏறத்தாழ 40 மீட்டர். அவ்வளவு உயரமுள்ள நீர்த்தூணின் அடியில் அழுத்தம் 4 கிலோகிராம். அழுத்திய நீரைத் தெருக்குழாய் வழியே நேரே வீட்டுக்குள் தரும் நகரங்களில் இப்படிப்பட்ட அழுத்தம் வழக்கமானது. இந்தப் பெட்டிகள் அத்தகைய வீடுகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

கதவின் உள்ளே

சரி, இவ்வளவு அழுத்தம் எதற்கு? விடை, நீரைத் திறந்து மூடும் மின்காந்த வால்வுக்குள் இருக்கிறது.

வால்வின் நடுவே வெளிவாய் ஒன்று உண்டு. அதன் மேல் ஒரு ரப்பர் சவ்வு மூடிபோல் உட்கார்ந்திருக்கிறது. சவ்வின் ஓரத்தில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு துளை. குழாயில் வரும் நீர் இத்துளை வழியாகச் சவ்வின் மேற்புறத்துக்கும் சென்று நிறைகிறது. இப்போது மேலும் கீழும் அழுத்தம் ஒன்றே. ஆனால் பரப்பு ஒன்றல்ல!

எடுத்துக்காட்டாக, சவ்வின் மேற்பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்றும், வெளிவாயின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். மேலே 3 சதுர சென்டிமீட்டரிலும் நீர் கீழ்நோக்கி அழுத்துகிறது. கீழேயோ, வாயைச் சுற்றியுள்ள 2 சதுர சென்டிமீட்டர் வளையத்தில் மட்டுமே நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் 1.4 கிலோகிராம் என்றால் கீழ்நோக்கிய விசை 4.2 கிலோகிராம், மேல்நோக்கிய விசை 2.8 கிலோகிராம். மிச்சம் 1.4 கிலோகிராம் விசை சவ்வை வாயோடு சேர்த்து அழுத்துகிறது. கதவைச் சாத்துவது தண்ணீரேதான்!

திறப்பதும் தண்ணீரே. சவ்வின் மையத்தில் இன்னொரு துளை உண்டு. ஒரு சிறு இரும்புத் தண்டு, சுருள்வில்லின் உதவியால் அதை அடைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் தண்டை மேலே இழுக்கும். மேலே உள்ள நீர் மையத் துளை வழியே வடிந்துவிடும்; மேல் அழுத்தம் இறங்கும்; கீழிருக்கும் நீர் சவ்வைத் தூக்கிவிடும். சிறிய மின்காந்தத்தால் பெரிய அழுத்தத்தை ஆள முடிவது இந்த உத்தியால்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அழுத்தம் 0.5 கிலோகிராம். அதே கணக்கில் கீழ்நோக்கி 1.5, மேல்நோக்கி 1. மிச்சம் அரைக் கிலோகிராம் மட்டுமே. வாயின் விளிம்பில் ஒரு மணல் துகளோ உப்புப் பொருக்கோ இருந்தால், அதன் மேல் ரப்பரை அழுத்தி இறுக்க இந்த விசை போதாமல் போகலாம். நீர் சொட்டும். சொட்டிய நீர் உள்ளே கட்டியாகி வழியை அடைக்கும். அல்லது வழிந்து தரையை நனைக்கும்.

உப்பு செய்யும் வேலை

கடலோரமான நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் கிணறுகள் பல மேலும் உப்பேறின. குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது.

கடின நீர் வால்வில் சுண்ணப் பொருக்கை விட்டுச்செல்லும். அது ஊசித்துளையை அடைத்தால் என்ன ஆகும்? மேற்புறம் நீர் நிறையாது, கதவு சாத்தாது. ஆகவே குழாயில் வடிகட்டி வேண்டும். ஆனால் கரி வடிகட்டி வாடையையும் குளோரினையும்தான் நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி தேவை.

இணைக்கும் முறை

தொட்டியை 14 மீட்டருக்கு ஏற்றுவது நடவாத காரியம். அழுத்தம் இறங்கும்போது தானே ஓடி, ஏறியதும் தானே நிற்கும் சிறு மோட்டார் பம்பைக் குழாயில் சேர்ப்பதே வழி. பம்பின் மின் இணைப்புக்கு நிலத்தொடுப்பு கட்டாயம். அதை மின்பணியாளரே செய்யவேண்டும்.

குழாய் பிரியும் இடத்தில் கையால் மூடும் ஒரு வால்வு வைக்கவேண்டும். கசிவு நேர்ந்தால் அதுவே காப்பு. பெட்டியில் மாட்டுமுன் சில லிட்டர் நீரை வாளியில் ஓடவிட்டால் குழாயில் உள்ள தூசியும் மணலும் வெளியேறிவிடும். பெட்டிக்குப் பின்னால் குழாயைத் தாராளமான வளையமாக விடவேண்டும். பெட்டியை முன்னால் இழுக்கும்போது மடங்காது.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்க்கு, கையால் நீர் ஊற்றும் தொட்டி வைத்த குளிர்பெட்டிகளும் கடைகளில் உண்டு. அங்கே நீர் சிறிது உயரத்திலிருந்து தானே இறங்குகிறது. அதற்குப் புவியீர்ப்பே போதும்.

செய்து பாருங்கள்

ஒரு வாளியில் நீரும் இரண்டு மீட்டர் நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை நீரால் நிரப்பி, ஒரு முனையை வாளிக்குள் விட்டு மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். வாளியின் நீர்மட்டம் குழாய் முனைக்கு 40 சென்டிமீட்டர் மேலே இருக்கும்போது ஒரு தம்ளர் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு 160 சென்டிமீட்டரில் அதே குழாயைக் கொண்டு மீண்டும் குறியுங்கள். நேரம் பாதியாகிறதா, கால்பங்காகிறதா, இரண்டுக்கும் இடையிலா? குழாயை மாற்றிச் செய்தும் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. பனிக்கட்டித் தட்டில் நீர் நிறையும்போது திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டது. வால்வு திறந்தே இருக்குமா, மூடிக்கொள்ளுமா?

2. சவ்வின் மேற்பரப்பும் வெளிவாயின் பரப்பும் சமமாக இருந்தால், மூடிய கதவை மீண்டும் தண்ணீரால் திறக்க முடியுமா?