பாட்டிலைக் கொதிக்க வைத்தோம், டியூபை மறந்தோம்

ஸ்குவாஷ், சர்பத் போடுகிற எந்தக் குழுவுக்குப் போனாலும் ஒரே கேள்விதான் வருகிறது. “மேடம், பாட்டிலை நல்லாத்தான் கழுவுறோம், பிறகு ஏன் பொங்குது?” இந்த இதழில் அதைப் பற்றியே பேசுவோம். முதலில் நம்ம பகுதியில் நடந்த ஒரு சம்பவம்.

2023 மே மாதம், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழு. ஊர் பேர் வேண்டாம். பன்னீர் திராட்சை வாங்கி 60 பாட்டில் ஸ்குவாஷ் போட்டார்கள். உள்கடனாக எடுத்த பத்தாயிரம் ரூபாய் அதில் போட்டிருந்தது. பாட்டில்களை 20 நிமிஷம் கொதிக்க வைத்தார்கள், சாற்றையும் காய்ச்சினார்கள். பயிற்சியில் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஒன்பதாம் நாள் கடைக்காரர் போன் பண்ணி, “அம்மா, மூடியெல்லாம் உப்புது, ஒண்ணு தெறிச்சு சுவரெல்லாம் சிவப்பாயிடுச்சு, வந்து எடுத்துட்டுப் போங்க” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசியில் எல்லாப் பழியும் ஒரு சின்னப் பொண்ணு தலையில் வந்து விழுந்தது. பாட்டில் அடைத்த அன்றைக்கு அவளுக்கு வீட்டு விலக்கு, அதைச் சொல்லாமல் வந்து வேலை செய்திருக்கிறாள். “தீட்டுப் பட்டா ஊறுகாயே பூசணம் பிடிக்கும், இது பொங்காம என்ன செய்யும்?” என்று ஒரு பெரியம்மா சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த நாட்களில் யாரும் உணவு வேலைக்கு வரக்கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியும் விட்டார்கள். அந்தப் பொண்ணு வாய் திறக்கவில்லை. வாங்கின கடனில் அவள் பங்கும் இருக்கிறது, பாருங்கள்.

நான் அப்போது தீட்டைப் பற்றி வாதாடவில்லை. வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன். திரும்பி வந்த பாட்டிலையெல்லாம் திண்ணையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். வைத்துப் பார்த்ததும் ஊக்குநர் அக்காதான் முதலில் கவனித்தார்: “என்ன மேடம், உப்பினது பூரா வெள்ளை மூடியா இருக்கு?”

கடையில் சிவப்பு மூடி 36தான் கிடைத்திருக்கிறது, மீதி 24க்கு வெள்ளை மூடி. இடம் பத்தாமல் இரண்டு வீட்டில் வைத்து அடைத்திருக்கிறார்கள். சிவப்பு மூடி வீட்டில் சொம்பும் புனலும் வைத்து ஊற்றினார்கள். அந்தப் புனலும் பாட்டிலோடு சேர்ந்து கொதித்தது. வெள்ளை மூடி வீட்டில், சீக்கிரம் முடியட்டும் என்று பாத்திரத்தை ஸ்டூல் மேல் வைத்து டியூப் போட்டு இறக்கியிருக்கிறார்கள். எந்த டியூப் தெரியுமா? ஒருவர் வீட்டுக்காரர் கொத்தனார், அவர் மட்டம் பார்க்கிற லெவல் டியூப்! முந்தின வாரம் எலுமிச்சைச் சாறு இறக்க எடுத்ததை, பச்சைத் தண்ணீர் விட்டு அலசிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அன்றைக்கு மறுபடி எடுத்து, ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி சாற்றை இழுத்திருக்கிறார்கள்.

கடைசிக் கணக்கு: வெள்ளை மூடி 24இல் 22 பொங்கியது, சிவப்பு மூடி 36இல் ஒன்றுதான். அந்தப் பொண்ணு வேலை செய்தது சிவப்பு மூடி வீட்டில்.

இனி பாடத்துக்கு வருவோம். பொங்குவதற்குக் காரணம் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். திராட்சைத் தோலில் இருக்கும், காற்றில் இருக்கும், காய்ந்த சர்க்கரைப் பிசுக்கில் சுகமாக இருக்கும். சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றும். பன் மாவை உப்ப வைக்கிறதும் இந்த வாயுதான். மூடின பாட்டிலில் அதற்குப் போக வழியில்லை, அதனால் மூடியைத் தள்ளுகிறது. ஒயினும் பீரும் கெட்டுப்போவது ஏன் என்று ஆராய்ந்துதான் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் இந்த விஷயங்களைத் தெளிவுபடுத்தினார். பீர் பற்றிய அவர் புத்தகம் 1876இல் வந்தது. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்களுக்கு ஈஸ்ட் வேண்டும், நமக்கு வேண்டாம். ஆனால் வேண்டாத கிருமி டியூபிலும் மூடியிலும் ஒளிந்து வரும் என்கிற பயம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான்.

நன்னாரி சர்பத் சாதாரணமாகப் பொங்குவதில்லையே, ஸ்குவாஷ் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். சர்பத் பாகில் சர்க்கரை 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஈஸ்ட் பிழைப்பது கஷ்டம். ஸ்குவாஷில் பழச்சாறு குறைந்தது 25 சதவீதம், கரைந்த திடப்பொருள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 40இல் ஈஸ்ட் நன்றாகவே வாழும். “அதான் பிரசர்வேட்டிவ் போடுறோமே” என்று விட்டுவிடக் கூடாது. அது உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்சக் கிருமியை வளரவிடாமல் பிடித்து வைக்கத்தான். அழுக்கு டியூப் வழியாகக் கூட்டமாக உள்ளே போனால் அதனால் தாங்க முடியாது. அதற்காக அளவைக் கூட்டிப் போடுவதும் தப்பு, சட்டப்படி குற்றமும்கூட.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. இதுதான் நிறையப் பேருக்குக் குழப்பம். கழுவினால் அழுக்கு போகும், கிருமி மிச்சம் இருக்கும். அழுக்கு இருக்கும்போதே கிருமி நீக்க மருந்து போட்டால், மருந்தின் வேகமெல்லாம் அழுக்கிலேயே செலவாகிவிடும். அதனால் எப்போதும் கழுவுவதுதான் முதலில். பழைய பாட்டிலைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் மாதிரித் தெரிந்தால் இன்னும் அழுக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய், பூச்சி மருந்து வாசம் வருகிற பாட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலுக்குக் கொதிநீர் போதும். அண்டாவின் அடியில் துணி விரித்து, பாட்டிலுக்குள்ளும் தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்து, பச்சைத் தண்ணீரிலிருந்தே சூடாக்குங்கள். கொதி வந்த பிறகு 20 நிமிஷம். இடுக்கியால் எடுத்து, சுத்தமான தட்டியில் கவிழ்த்து வையுங்கள். தரையில் வேண்டாம். முந்தானையால் உள்ளே துடைக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதோடு 20 நிமிஷ விறகும் வீண்! சூடான சாறு ஊற்றுவதானால் பாட்டிலும் சூடாக இருக்கட்டும், ஆறின பாட்டில் விரிசல் விடும். புனல், கரண்டி, வடிகட்டுகிற துணி எல்லாம் அதே அண்டாவில் போய்விட வேண்டும்.

டியூப், பிளாஸ்டிக் மூடி, பெட் பாட்டில் இதெல்லாம் கொதியில் சுருங்கும், நெளியும். இதற்கு பிளீச்சிங் பவுடர். 25 சதவீதக் குளோரின் உள்ள புது பவுடர் என்றால் 10 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 8 கிராம். கிராம் தராசில் நிறுத்துப் போடுங்கள், கையளவு வேண்டாம். திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் பிளாஸ்டிக் வாளியில் எடுத்துச் சாமான்களை 10 நிமிஷம் முக்கி வையுங்கள். டியூபுக்குள் காற்று நிற்காமல் தண்ணீர் நிரம்ப வேண்டும், காற்று நிற்கிற இடத்தில் மருந்து படாது. பிறகு கொதித்து ஆறின தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒன்று முக்கியம்: பிளீச்சிங் தண்ணீரோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் சேரக்கூடாது. விஷ வாயு வரும். எலுமிச்சை பிழிகிற நாளில் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

டியூப் வேண்டும் என்றால் உணவுக்கு ஏற்ற தரத்தில் புதிதாக வாங்குங்கள். வேலை முடிந்த உடனே வெந்நீர் விட்டு, இரண்டு முனையும் கீழே தொங்கும்படி மாட்டிக் காயவிடுங்கள். உள்ளே வழவழப்போ மங்கலோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. அதைவிட, அடியில் திருகுக் குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் குழுவுக்கு வாங்கினால் டியூப் தொல்லையே இல்லை. அந்தத் திருகுக் குழாயையும் கழற்றிக் கழுவ வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

லேபிளில் தொகுதி எண் போடச் சொல்வது சட்டத்துக்காக மட்டும் இல்லை. எந்த நாள், எந்த வீடு, எந்தப் பாத்திரம் என்று நோட்டில் இருந்தால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் குழுவைக் காப்பாற்றியது தற்செயலாக அமைந்த மூடி நிறம். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டிலைக் கடைக்கு அனுப்பாமல் வீட்டில் 15 நாள் வைத்துப் பாருங்கள். உப்பின பாட்டிலை முகத்துக்கு நேராகத் திறக்க வேண்டாம், ஈரத் துணி சுற்றித் திறந்து கொட்டுங்கள். மறுபடி காய்ச்சி விற்கவே கூடாது. “வீணாத்தானே போகுது, நான் குடிச்சுப் பார்க்கிறேன்” என்று வருகிற வீட்டுக்காரர்களிடமும் கொடுக்காதீர்கள்!

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் குழு பழைய தீர்மானத்தை அடித்துவிட்டு, டியூபையும் மூடியையும் கிருமி நீக்காமல் அடைக்கக் கூடாது என்று எழுதியது. பெரியம்மா முதலில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த தடவை பாட்டில் அடைத்தபோது, வாளிப் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தது அந்தச் சின்னப் பொண்ணுதான். 15 நாள் கழித்து ஒரு பாட்டிலும் திரும்பி வரவில்லை என்று தெரிந்த பிறகு பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டார்.

குழுவில் செய்து பார்க்க: இந்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் டியூப், புனல், மூடி எல்லாவற்றையும் எடுத்து வந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எது எதைக் கொதிக்க வைக்கலாம், எதற்குப் பிளீச்சிங் பவுடர், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள்.