பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கார்ட்லெஸ் டிரில் வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது வோல்ட் கணக்குதான். 12 வோல்ட் பொம்மை, 18 பரவாயில்லை, 20 வாங்கினால்தான் மெஷின் என்பார்கள். கடைசி இரண்டும் ஒன்றேதான். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அதே ஐந்து செல் 20-ஐத் தொடும். ஒரு கம்பெனி முதல் எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கிறது, இன்னொன்று இரண்டாவதைப் போட்டுப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'மேக்ஸ்' என்று சேர்த்துவிடுகிறது. 10.8-உம் 12-உம் இப்படித்தான். இரண்டும் மூன்று செல்.

12 வோல்ட் பொம்மையும் இல்லை. கட்டிலைப் பிரித்து மாட்ட, அலமாரிக் கீல் இறுக்க, பிளைவுட்டில் ஓட்டை போட அது தாராளம். பேட்டரியோடு ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கப்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்க்ரூ முடுக்கும்போது, அரைக் கிலோ கூடினாலும் மணிக்கட்டு சொல்லிவிடும்.

'சுத்தியல் படம் போட்டிருந்தால் எந்தச் சுவரும் துளையும்' என்ற நம்பிக்கைதான் வீடுகளில் அதிகம் படுத்துகிறது. திரைச்சீலைக் கம்பி மாட்ட ஏணி போட்டு ஏறுவார்கள். ஜன்னலுக்கு நேர் மேலே பிட்டை வைத்தால் பூச்சு சுலபமாகக் கொட்டும். அரை அங்குலம் போனதும் கிரீச்சென்று சத்தம், மாவு போலச் சாம்பல் தூள் கொஞ்சம், பிட் நுனி நீலம் பாரித்துவிடும். மெஷின் மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மெஷின் மேல் தப்பில்லை. முட்டிக்கொண்டிருப்பது லிண்டல், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட். அதே மெஷின் செங்கல்லில் சிவப்புத் தூளைக் கொட்டிக்கொண்டு நிமிடத்தில் உள்ளே போயிருக்கும்.

சின்ன டிரில்லின் ஹாம்மர் என்பது பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவதுதான். நிமிடத்துக்கு 20,000 தட்டு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றும் செல்லத் தட்டு. நாம் அழுத்துகிற அழுத்தம்தான் அதற்குப் பலம். கான்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாம்மர். அதற்குள் பிஸ்டன் காற்றை அமுக்கி ஒரு இரும்பு உருளையை வீசி அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் அடி அடியாக விழும். நாலு ஓட்டைக்காக அதை வாங்க வேண்டியதில்லை, எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். அல்லது கம்பியை ஜன்னல் விளிம்பிலிருந்து முக்கால் அடி மேலே ஏற்றிப் பாருங்கள். அங்கே பீம் ஓடாத வீடாக இருந்தால் செங்கல் கிடைக்கும். துணிதான் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

புது அடுக்குமாடிகளில் கதை தலைகீழ். அங்கே உள்சுவர் பெரும்பாலும் ஏஏசி பிளாக். மெத்தென்ற அந்தக் கல்லில் ஹாம்மரைப் போட்டால் ஓட்டை கிண்ணம் மாதிரி விரிந்து, பிளாஸ்டிக் கட்டை ஆடும். சாதா மோடே போதும். டைல்ஸிலும் அப்படித்தான்: வழுக்காமல் இருக்க டேப் ஒட்டி, அதற்கான பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டி, டைல்ஸ் தாண்டிய பிறகே ஹாம்மர்.

கழுத்தில் உள்ள வளையத்தின் எண்களை வேகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கிளட்ச், ஸ்க்ரூ எந்த அளவு இறுகியதும் கை விட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சின்ன எண்ணில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போனால் ஸ்க்ரூ தலை மழுங்காது. வேகத்துக்கு மேலே 1, 2 என்று தனிச் சுவிட்சு இருக்கிறது: ஸ்க்ரூவுக்கு 1, ஓட்டைக்கு 2.

இந்த மெஷினே நாசா கண்டுபிடித்தது என்றொரு பேச்சும் உலவுகிறது. பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே கார்ட்லெஸ் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்போலோ பயணங்களுக்கு நிலவில் துளை போடும் கருவி செய்து கொடுத்தது அதற்குப் பிந்திய சங்கதி.

'பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்' என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம். அதற்கு ஆகாதது சூடு. மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

வயர் இல்லாததால் ஷாக் அடிக்காது என்பதில் பாதிதான் உண்மை. மெஷின் அடிக்காது. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் வயரில் பிட் பட்டால், உலோக சக் வழியாக அது கைக்கு வரலாம். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பைப் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஓட்டை போடலாம். பிளக்கில் சொருகும் டிரில்லுக்கு இந்த வசதி கிடையாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் அணைத்தால் பாதி வயரில் கரண்ட் இருக்கும், அதையும் அணைக்க வேண்டும்.