எச்.ஐ.வி. உள்ள சகோதரருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிமின் மீதுள்ள ஹக்குகள் எவை என்று கேட்டால், மதரஸாவில் ஓதும் பிள்ளையும் சொல்லிவிடும். ஸலாமுக்குப் பதில் கூறுதல், நோயுற்றவரைப் போய் நலம் விசாரித்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல், விருந்துக்கு அழைத்தால் ஏற்றல், தும்மியவருக்கு துஆச் செய்தல். புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து இது. இன்ன நோய் வந்தவருக்கு இந்த ஹக்குகள் இல்லை என்று அதில் விலக்கு எதுவும் கூறப்படவில்லை. ஆனால் எச்.ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்ததும் இந்த ஐந்தும் ஒவ்வொன்றாக நின்றுபோவதை நாம் காண்கிறோம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் சேகரிக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அன்று மருந்து இல்லை. இன்றைய நிலை அதுவன்று. ஆயினும் அன்று பிடித்த அச்சம் மட்டும் நம் வீடுகளை விட்டு இறங்க மறுக்கிறது.

அது பரவும் வழிகள் சிலவே. உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டலிலோ பிள்ளைக்கு. அவ்வளவுதான். முஸாபஹா செய்வதால் பரவாது. ஒரே ஹவ்ளில் ஒளூச் செய்வதால், ஒரே தொழுகை விரிப்பில் ஸுஜூது செய்வதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் பரவாது. கொசுக் கடியாலும் பரவாது. நம் கடற்கரை ஊர்களில் கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதனாலும் பரவாது. வீட்டிலுள்ள நோயாளிக்கு மட்டும் தனித்தட்டு, தனிக்குவளை ஒதுக்குவது கிருமியைத் தடுக்காது; அவருடைய மனத்தைத்தான் உடைக்கும்.

'குஷ்டரோகியை விட்டு விலகிச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்களே' என்று சிலர் வாதிப்பதுண்டு. அருகில் இருப்பதால் பரவும் என்று அஞ்சப்படும் நோய்க்குச் சொன்ன எச்சரிக்கையை, அருகில் இருப்பதால் பரவவே பரவாத ஒன்றின் மீது ஏற்றலாமா? நோயாளியை நலம் விசாரிக்கும்படி சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே!

இன்னொரு பேச்சு இதைவிடக் கொடியது. 'இது எப்படி வந்ததாம்?' என்ற கேள்விதான் அது. சபுரிலிருந்து வந்த கணவர் வழியாக வீட்டை விட்டு வெளியேறாத மனைவிக்கு வந்திருக்கலாம். பிறக்கும்போதே பிள்ளைக்கு வந்திருக்கலாம். 'அவள் பாவம், ஒன்றுமறியாதவள். அவன் அப்படியல்ல' என்று தரம் பிரிப்போரும் உண்டு. அந்தப் பிரிவினையே நமக்கு ஆகாத வேலை. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். தவறே நடந்திருந்தாலும் தவ்பா அவருக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. தென்னாப்பிரிக்காவில் கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான ஃபக்மிதா மில்லர் என்ற முஸ்லிம் சகோதரி தம் நிலையை வெளிப்படையாகச் சொல்ல முன்வந்தார். 2000ஆம் ஆண்டு கேப் டவுனில் அறிஞர் ஃபரீத் ஈசாக் முதலியோருடன் சேர்ந்து, தம்மைப் போன்ற முஸ்லிம்களுக்கென ஓர் அமைப்பையே நிறுவினார்.

இனி ஜனாஸா விஷயம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எச்.ஐ.வி. உள்ளவர் மவுத்தானால் குளிப்பாட்ட ஆள் வருவதில்லை. 'தயம்மும் செய்தால் போதும்' என்றும், 'பிளாஸ்டிக்கில் சுற்றி அப்படியே அடக்கிவிடலாம்' என்றும் பேச்சு எழுகிறது. மையித்தைக் குளிப்பாட்டுவது ஃபர்ளு கிஃபாயா. எவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். குளிப்பாட்ட இயலாதபோதுதான் தயம்மும். இங்கே இயலாமை எதுவும் இல்லை.

இறந்த உடலிலும் சில நாட்கள் கிருமி இருக்கக்கூடும் என்பதால் எச்சரிக்கை தேவை. அது மிக எளியது. குளிப்பாட்டுபவர் ரப்பர் கையுறையும், தண்ணீர் புகாத மேலங்கியும் அணியட்டும். கையில் காயமிருந்தால் மூடிக் கட்டட்டும். பெரிய காயமென்றால் வேறொருவர் செய்யட்டும். ஆஸ்பத்திரியில் குத்திய ஊசி, குழாய் ஏதும் உடலில் இருந்தால் அங்கேயே அகற்றச் சொல்லுங்கள். மையித்தின் வயிற்றை மெல்ல அழுத்தும்போது வெளிப்படும் அசுத்தத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கசிவுள்ள இடத்தில் பஞ்சு வைக்கலாம். முடிந்தபின் இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, சோப்பிட்டுக் கை கழுவினால் தீர்ந்தது. உண்மையில் எந்த மையித்துக்கும் இப்படிச் செய்வதே நல்லது. யாருக்கு என்ன தொற்று இருக்கிறதென்று எல்லா நேரமும் தெரிவதில்லை அல்லவா? கஃபன் வழக்கம்போல. குடும்பத்தார் முகம் பார்ப்பதும் வழக்கம்போல. ஆள் கிடைக்காவிட்டால் மனைவி கணவனைக் குளிப்பாட்டுவது ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் ஆகுமானது.

நிகாஹ் பேசும்போது தொற்றை மறைப்பது மோசடி; சம்பந்தப்பட்டவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்காக மஹல்லா முழுவதும் பறைசாற்றும் உரிமை யாருக்கும் இல்லை. ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், வேலையிலும் பள்ளியிலும் சிகிச்சையிலும் ஒதுக்குவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

மருந்தைப் பற்றி: 2004 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவில் நிலைத்துவிட்டால், தாம்பத்திய உறவால் துணைக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சையில்லாத தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை; முறையான சிகிச்சையால் அது 5க்கும் கீழே இறங்குகிறது. சந்தேகமுள்ளவர்கள் அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் இரகசியமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். 1097 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ரமலானில் நோன்பு நோற்கலாமா என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படுவது நாளுக்கு ஒரு மாத்திரைதான். உடல் நலமாயிருந்து டாக்டரும் இசைந்தால், சஹரிலோ நோன்பு திறந்த பின்னோ ஒரே நேரம் குறித்து உட்கொள்ளலாம். உடல் தளர்ந்தவருக்கு, நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை இருக்கிறது. விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம். எக்காரணத்தைக் கொண்டும் நோன்புக்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.