அம்பாசடரும் காற்றுக் கசிவும்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார் ஒன்று, ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வாடகைக்கு ஓடுவது. நின்ற நிலையில் அதன் எஞ்சின் குலுங்கியது. கார்புரேட்டர் 'டப்'பென்று வெடித்தது. பழுது பார்க்கப்பட்டதை அருகிருந்து கண்டேன்.

காரணம் யாது? பிஸ்டன் கீழிறங்கும்போது இன்டேக் மேனிபோல்டில் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. சிறு இடைவெளி இருந்தாலும் காற்று உட்புகும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று போதும். காற்று மிகுந்தால் எரிதல் சீர்கெடும். நாளடைவில் எக்சாஸ்ட் வால்வு கருகவும் கூடும். பிறகு செலவு பன்மடங்கு.

எஞ்சின் சூடேறுமுன் மெக்கானிக் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரிடத்தில் நீர் உள்ளிழுக்கப்பட்டது. எஞ்சினின் ஓட்டமும் மாறியது. கசிவு அங்கேதான்! இதற்குப் பெட்ரோல் தெளிப்பது ஆபத்து. இவ்வெஞ்சினில் எக்சாஸ்ட் மேனிபோல்டும் அதே பக்கத்தில் இருப்பதால் தீப்பிடிக்கலாம்.

மேனிபோல்டைக் கழற்றி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, பரப்பு வளைந்துள்ளதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தார். புதிய கேஸ்கட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக முடுக்கினார். எஞ்சின் சூடேறி ஆறியபின் மறுபடி முடுக்கினார். குலுக்கல் நின்றது.

பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் காற்றழுத்தம், ஓர் ஓட்டுநரின் பிழைப்பையும் காக்கிறதன்றோ!