கடைசிக் கட்டத்தில் பேனா நிற்கும்

கேள்வி: குடியை விட்டு ஏழு மாதமாகிறது. நான் போதையில் கிடந்த காலத்தில் அண்ணன் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அன்று சாயங்காலம் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிறது. எப்படி மறப்பது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மறக்க முயலாதீர்கள், எழுதுங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', குடிநோயாளியை மறுபடி கவிழ்ப்பவற்றில் மனக்கசப்பைத்தான் முதலில் வைக்கிறது. அதன் 12 படிகளில் நான்காவது, தன்னைத் தானே கணக்கெடுப்பது.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். யார் மேல் கோபம்? என்ன செய்தார்? எனக்கு எங்கே அடிபட்டது, பணத்திலா, மானத்திலா? இதில் என் பங்கு என்ன?

கடைசிக் கட்டத்தில் பேனா நிற்கும். நிற்கட்டும். 'அம்மாவின் மருந்துக்கு அண்ணன் கொடுத்த பணத்தையும் குடித்தேன்' என்பதுபோல ஒரு வரி விழுந்துவிட்டால், கோபத்தின் சூடு கொஞ்சம் இறங்கும். அதற்காக அவர் செய்தது நியாயமாகிவிடாது. பத்திரத்தை வக்கீல் பார்க்கட்டும். கசப்பை நீங்கள் பாருங்கள். எழுதியதை நம்பிக்கையான ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அது ஐந்தாம் படி.

அண்ணனைப் பார்த்த நாளில் மட்டும் வெறும் வயிற்றோடு தனியாக இருக்காதீர்கள். முதலில் சாப்பாடு, அடுத்து குடியை விட்ட நண்பருக்கு ஒரு போன். கோபம் நாளைக்கும் இருக்கும்; அதை நிதானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.