வாசிக்க அஞ்சும் பிள்ளைக்கு விரல் தட்டும் முறை

குடும்பப் பாடம்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்களுக்குள் பல வீடுகளில் ஒரு சங்கடம் தலைகாட்டும். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லுகிறான். ஆனால் புத்தகத்தைத் திறந்து முன்னே வைத்ததும் வயிறு வலிக்கிறது என்கிறான். தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். முதல் வரியிலேயே கண் கலங்குகிறான். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எத்தனையோ வீடுகளில் தகப்பனார் ஷிப்டு முடிந்து வரவே இரவாகிவிடும். தாயாரும் களைத்திருப்பார். அந்த நேரத்தில் பிள்ளை தடுமாறினால், "சோம்பேறி" என்ற சொல் சுலபமாக வாயில் வந்துவிடும். அந்தச் சொல் ஏன் தவறு, அதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது யாது என்பதே இவ்வாரப் பாடம்.

1. பயம் செய்யும் கேடு

வாசிப்பு தானாக வருவதன்று. பேச்சைப் பிள்ளை கேட்டே கற்றுக்கொள்கிறது. எழுத்தையோ ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். நமது தமிழில் எழுத்துகள் 247. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் 'க' ஒன்றே. ஒலியோ வேறு வேறு. ந, ண, ன என்றும், ல, ள, ழ என்றும் மயங்க வைக்கும் எழுத்துகள் வேறு இருக்கின்றன. நமக்குப் பழகிப்போனதால் இவை பாரமாகத் தெரிவதில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு படி.

மனம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடியது கொஞ்சமே. "அப்பா திட்டுவாரோ, வகுப்பில் சிரிப்பார்களோ" என்ற கலக்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், எழுத்துக்கு இடமில்லை. ஆகையால் தடுமாறுகிறது. தடுமாறியதால் திட்டு விழுகிறது. திட்டினால் பயம் இன்னும் வளருகிறது. இந்தச் சுற்றை முதலில் அறுக்க வேண்டியவர்கள் பெரியவர்களே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. பள்ளியில் ஆகாதது வீட்டில் மட்டும் ஆகுமோ?

2. விரல் தட்டும் முறை

பயத்தைத் தணிக்க இக்காலத்தில் பலர் கையாளும் எளிய உபாயம் ஒன்று உண்டு. அமெரிக்க மனநூல் அறிஞர் ரோஜர் கலஹன் 1980-களில் தொடங்கியதை, கேரி கிரெய்க் என்பவர் 1990-களில் எளிதாக்கிப் பரப்பினார். செய்யும் விதம் வருமாறு:

முதலாவது, பிள்ளையிடம், "வாசிக்க எவ்வளவு பயமாக இருக்கிறது? கையை விரித்துக் காட்டு" என்று கேளுங்கள். எவ்வளவு காட்டினாலும் மறுத்துப் பேசாதீர்கள்.

இரண்டாவது, ஒரு கையின் இரண்டு விரல்களால் மற்றக் கையின் ஓரத்தை, சுண்டுவிரல் பக்கமாக, மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தட்டிக்கொண்டே, "வாசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது; இருந்தாலும் நான் நல்ல பிள்ளைதான்" என்று மூன்று தரம் சொல்லட்டும்.

மூன்றாவது, புருவத்தின் தொடக்கம், கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு, மூக்கின் கீழ், கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடு, கழுத்தெலும்பின் அடி, அக்குளுக்கு நாலு விரல் கீழ், உச்சந்தலை என வரிசையாக ஒவ்வோர் இடத்திலும் ஏழெட்டுத் தட்டு. அப்போது, "இந்தப் பயம்" என்று மட்டும் சொன்னால் போதும்.

நான்காவது, ஒரு நீண்ட மூச்சு விட்டு, பயம் இப்போது எவ்வளவு என்று மறுபடி கையால் காட்டட்டும். நீங்களும் எதிரே உட்கார்ந்து கூடவே தட்டுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

3. சந்தேகமும் தெளிவும்

வினா: உடம்பில் ஓடும் ஏதோ சக்தியை இது சரிசெய்கிறது என்கிறார்களே, மெய்யா?

விடை: அதற்குத் தக்க அத்தாட்சி இல்லை. 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் சிலரைக் குறித்த இடங்களில் தட்டச் சொன்னார்கள். சிலரைக் கையில் வேறு இடங்களில் தட்டச் சொன்னார்கள். இன்னும் சிலரை ஒரு பொம்மையைத் தட்டச் சொன்னார்கள். மூன்று கூட்டத்தாருக்கும் பயம் ஒன்றுபோலவே குறைந்தது. ஆகவே இன்ன இடம் என்பதில் மகிமை இல்லை. பயத்தை மறைக்காமல் வாயால் சொல்வதும், மெல்லிய தாளமும், நிதானமான மூச்சும், பக்கத்தில் கோபமில்லாமல் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனுமே பலன் தருவன என்று கொள்ளலாம்.

வினா: தட்டினால் பிள்ளை வாசித்துவிடுமா?

விடை: வாசிக்காது. தட்டுவது கதவைத் திறக்கும்; உள்ளே நடக்க வேண்டியது பாடம். இதற்காகப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, எழுத்தையே கற்பிக்காமல் வாசிக்க வைப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

4. பயம் தணிந்த பின்

அதே விரல்களை இப்போது ஒலிக்குத் திருப்புங்கள். "அம்மா" என்று சொல்லி மேசையில் இரண்டு தட்டு: அம்-மா. "பம்பரம்" மூன்று தட்டு: பம்-ப-ரம். வார்த்தை துண்டுகளால் ஆனது என்பதைக் காது அறிந்துகொண்டால், கண் எழுத்தைப் பிடிப்பது எளிது. பிறகு அந்தத் துண்டுக்குரிய எழுத்தை ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துப் போதும்.

மணலில் எழுதுவது நமது திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கமே. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து தேசத்துப் போதகர், இவ்வூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் விடுதியிலும் அதைக் கைக்கொண்டார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே நடத்தினார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. ஆகவே அக்காள் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஆனால் அக்காளோடு ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

5. வெளி உதவி எப்போது?

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடி. இவை நன்றாயிருந்தும், பல மாதம் பொறுமையாகக் கற்பித்தும், இரண்டாம் மூன்றாம் வகுப்பில் சின்ன வார்த்தைகளே பிடிபடவில்லையென்றால், 'டிஸ்லெக்சியா' எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது புத்திக்குறைவன்று, சோம்பலுமன்று. தகுந்த பயிற்சியால் இப்பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இவர்களுக்காகவே உழைத்துவருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறித்துள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. முறைப்படி சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதால் பிள்ளைக்கே நஷ்டம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

இரவு செபம் முடிந்ததும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி, கால் மணி நேரம் கொடுங்கள். மூன்று நிமிடம் தட்டுதல். ஐந்து நிமிடம் ஒலியும் மணலும். மீதி நேரம் நீங்கள் ஒரு கதை வாசிக்க, பிள்ளை கேட்கட்டும். பிழை விட்டால் சரியான ஒலியைச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஏழு நாளும் "சோம்பேறி" என்ற சொல் வீட்டில் ஒலிக்காதிருக்கட்டும். எட்டாம் நாள், "இப்போது எவ்வளவு பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். விரிந்த கை சற்றே சுருங்கியிருந்தால், அதுவே முதல் மதிப்பெண்.