நிலைத்த பணி

ஹெர்மன் மெல்வில் 1819-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, பள்ளியை விடுத்து, வங்கி ஒன்றில் எழுத்தராய் அமர்ந்தார். அங்கு நிலைக்கவில்லை. கடையில் இருந்தார், பள்ளியில் ஆசிரியராயினார், ஒன்றிலும் காலூன்றவில்லை.

1841-இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஏறினார். அவ்வேட்டை ஆண்டுக்கணக்கில் நீள்வது. ஊதியமோ பிடிபட்ட எண்ணெயில் ஒரு சிறு பங்கே. பதினெட்டுத் திங்களில் மார்க்கெசாஸ் தீவொன்றில் இறங்கி ஓடிப்போனார். அடுத்த கப்பலில் பணி செய்ய மறுத்துத் தாகித்தித் தீவில் சிறைப்பட்டார். மூன்றாவதையும் சில திங்களில் விட்டார். இதனைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அக்கப்பல்களினின்று ஓடினோர் அந்நாளில் மிகப் பலர்.

அவ்வலைச்சலை எழுதிப் புகழும் பெற்றார். ஆயின் அப்புகழ் நிலைக்கவில்லை. 1851-இல் வெளிவந்த ‘மோபி டிக்’ அவர் காலத்தில் விலைபோகவில்லை. மனைவியும் மக்கள் நால்வரும் இருக்க, வருவாய் இல்லை, கடனோ இருந்தது.

1866-இல், தம் நாற்பத்தேழாம் வயதில், நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளராய் அமர்ந்தார். நாளொன்றுக்கு நான்கு டாலர் ஊதியம். வாரம் ஆறு நாள் வேலை. கப்பலேறி ஓடியவர், இப்பொழுது துறைமுகத்தில் நின்று கப்பற்சரக்கைச் சரிபார்த்தார். கையூட்டு மலிந்த அத்துறையில் நேர்மையாளர் எனப் பெயர் பெற்றார். மறு ஆண்டே மூத்த மகன் இறந்தான். அத்துயரிலும் பணியை விட்டாரல்லர்.

இரவுகளில் சிறிது சிறிதாகக் கவிதை எழுதினார். ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் அடிகள் கொண்ட ‘கிளாரெல்’ 1876-இல் அச்சேறியது. அதனையும் படித்தோர் சிலரே. மெல்வில் மறுநாளும் துறைமுகத்திற்குச் சென்றார். 1885-ஆம் ஆண்டின் இறுதிவரை, பத்தொன்பது ஆண்டுகள், சென்றுகொண்டிருந்தார்.